பாட்டு நன்றாகக் கேட்கிறது, பேசுபவர் குரல் மட்டும் காணாமல் போகிறது: இணைய வானொலி ஒலித்தரம் பற்றி உதவி தேவை

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. மதுரையில் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய இணைய வானொலியில், ஞாயிறு இரவு இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்குகிறேன். பழைய திரைப்பாடல்கள், நேயர் கடிதங்கள், நடுவில் தொலைபேசியில் ஒரு விருந்தினர், அவ்வளவுதான். எங்களில் ஒலிப்பொறியாளர் என்று யாரும் கிடையாது. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கலையகம் வேறு அறைக்கு மாறியதிலிருந்து ஒலித்தரம் பற்றிப் புகார் வந்தபடியே இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே புகாரைச் சொல்வதில்லை. சிலருக்குப் பாட்டு அருமையாகக் கேட்கிறது, என் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதாம். சிலர் குரலே வரவில்லை என்கிறார்கள். அதே நிகழ்ச்சியை அதே நேரத்தில் கேட்ட வேறு சிலர் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். இது போக இடையிடையே கரகரப்பு, திடீரென்று நின்று போவது, பாட்டு தொடங்கியதும் சத்தம் கூடிக் காதில் அறைவது.

இணைப்பு விவரம்: மைக் மிக்ஸருக்குப் போகிறது. மிக்ஸரிலிருந்து ஒரு கேபிள் யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு, அங்கிருந்து லேப்டாப்புக்கு. பாடல்கள் லேப்டாப்பிலேயே இருக்கின்றன. ஒலிபரப்பு மென்பொருள் குரலையும் பாட்டையும் கலந்து, இணையத்தில் நேயர்களுக்கு ஒலியை விநியோகிக்கும் ஐஸ்காஸ்ட் சர்வருக்கு அனுப்புகிறது. நேயர்களுக்கு இரண்டு லிங்க் தருகிறோம். ஒன்று 128 கேபிபிஎஸ் எம்பி3 (பிட்ரேட், அதாவது நொடிக்கு 128 ஆயிரம் பிட்). இன்னொன்று, டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்களுக்காக 32 கேபிபிஎஸ் ஏஏசி பிளஸ்.

குழுவில் பலரும் 320க்கு ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். சர்வர் செலவு கூடும். நேயர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். கடிதத்தைக் கைப்பட எழுதி, பேரனிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பும் ஓர் அம்மா, அதை நான் வாசித்ததே தனக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்காகவாவது இதைச் சரி செய்தாக வேண்டும். பணத்தை பிட்ரேட்டில் போடலாமா, வேறெங்காவது பார்க்க வேண்டுமா?

கோவை_சர்வர்

அண்ணே, 320 வேண்டாம். பாட்டும் குரலும் ஒலியைச் சுருக்கும் ஒரே என்கோடர் வழியாகத்தான் போகின்றன. பிட்ரேட் போதாமல் இருந்தால் முதலில் அடிபடுவது பாட்டு. பேச்சு குறைந்த பிட்ரேட்டிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உங்களிடம் நடப்பது தலைகீழ். ஆகவே கோளாறு என்கோடருக்கு முன்னாலேயே, கலையகத்துக்குள் இருக்கிறது. அங்கே தொலைந்த ஒலியை எந்த பிட்ரேட்டும் திருப்பித் தராது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 128 என்றால் ஒரு நேயருக்கு மணிக்கு 57.6 எம்பி. 320 என்றால் 144 எம்பி, உங்கள் நிகழ்ச்சி முழுக்கக் கேட்டால் 288 எம்பி. நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வரிலிருந்து 32 மெகாபிட் இடைவிடாமல் வெளியே போக வேண்டும். செல்போன் டேட்டாவில் கேட்பவருக்கு நின்று நின்று வருவதும் அதிகமாகும்.

புகார் சொன்னவர்கள் எதில் கேட்டார்கள்? போன் ஸ்பீக்கரா, இயர்போனா, எந்த லிங்க்? இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கத்தார்வாசி

நான் தோஹாவிலிருந்து கேட்கிற நேயர், இந்த நிகழ்ச்சியை விடாமல் கேட்பவன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் கேட்டால் பாட்டு வருகிறது, அண்ணன் பேச ஆரம்பித்ததும் குரல் எங்கோ போய்விடுகிறது. "ஸ்", "ச்" மட்டும் மெல்லிசாகக் கேட்கும். இயர்போன் மாட்டினால் குரல் இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லாமல் மண்டையைச் சுற்றிப் பரவினாற்போல ஒரு மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். 32 லிங்க்கில் இயர்போன் போட்டாலும் குரல் கிடையாது. மாதக் கடைசியில் எங்கள் அறையில் எல்லாரும் அந்த லிங்க்கில்தான் கேட்போம்.

இன்னொன்று. கம்பெனி வைஃபையில் லிங்க் திறக்கவே திறக்காது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உடனே வந்துவிடும்.

பனங்காய்

நானும் எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். டொராண்டோவில் சமையலறையில் இருக்கிற ஸ்மார்ட் ஸ்பீக்கரில் அம்மாவும் நானும் கேட்கிறோம். இங்கே அது ஞாயிறு காலைப் பொழுது. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர், பாட்டை விட அறிவிப்பாளர் பேசுவதைத்தான் காத்திருந்து கேட்பார். அந்தக் குரல்தான் இப்போது வருவதில்லை. காரில் போட்டால் குரல் கேட்கிறது. ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதென்று புதிதாக ஒன்று வாங்கக்கூட யோசித்தோம்.

சிற்றலைப்பிரியன்

பனங்காய், ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம். அதில் ஒரு பழுதும் இல்லை.

நான் வானொலிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கத்தார் நண்பர் சொன்னதும் நீங்கள் சொன்னதும் சேர்ந்து கோளாறை ஏறக்குறையக் காட்டிக்கொடுத்துவிட்டன. ஒற்றை ஸ்பீக்கரில் குரல் இல்லை. இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போனால் இருக்கிறது. பாட்டுக்கு இந்தக் கோளாறே கிடையாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தம்பியின் குரல் இடது சேனலில் நேராகவும் வலது சேனலில் தலைகீழாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

ஒலி என்பது மேலும் கீழும் ஏறி இறங்கும் அலை. இடது சேனலில் அலை மேலே ஏறும் அதே கணத்தில் வலதில் அதே அளவு கீழே இறங்கினால், ஒவ்வொன்றிலும் தனியாகக் குரல் இருக்கும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனும் சமையலறை ஸ்பீக்கரும் இரண்டு சேனலையும் கூட்டித்தான் ஒலிக்கின்றன. இரண்டும் நூற்றுக்கு நூறு சம அளவில் இருக்காது, அதனால் மிச்சமாக "ஸ்", "ச்" கேட்கிறது. இயர்போனில் கூட்டல் நடப்பதில்லை, ஆனால் மூளைக்குக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று பிடிபடாது. அதுதான் அந்தத் தலைவலி. காரில் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் காற்றில்தான் கலக்கிறது, எல்லா இடத்திலும் முழுதாக அழியாது. அதனால் கேட்கிறது.

பாடல்கள் லேப்டாப்புக்குள்ளிருந்தே வருவதால் தப்பித்துவிட்டன. குரல் மட்டும் மிக்ஸரிலிருந்து ஒரு கேபிள் வழியாக வருகிறது. என் சந்தேகம் முழுவதும் அந்தக் கேபிள் மேல்தான்.

எங்கள் காலத்தில் இது நடக்க வாய்ப்பு குறைவு, நடந்தால் உடனே மாட்டிக்கொள்வோம். சென்னை 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலை ஒலிபரப்பு மோனோ, அதாவது ஒரே சேனல். எஃப்எம் ஸ்டீரியோவிலும், 1961இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட அந்த முறையில், இடது வலது இரண்டின் கூட்டல்தான் முதன்மையாகப் போகும், வித்தியாசம் தனியாக 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறிப்போகும். மோனோ ரேடியோ வைத்திருப்பவருக்குக் கூட்டல் மட்டுமே கிடைக்கும். ஆகவே மோனோவில் கேட்டுப் பார்க்காமல் எதையும் ஒலிபரப்பக்கூடாது என்பது பாலபாடம். இணைய வானொலிக்கு வந்தவர்கள் ஹெட்போனிலேயே எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். நேயர்களோ பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறார்கள்.

சோதனை எளிது. ஒரு நிகழ்ச்சிப் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோவை மோனோவாகக் கலக்கும்படி கொடுங்கள். குரல் இருக்கும் இடங்களில் அலை சுருங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம். அப்புறம், அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் ப்ளக் எப்படி இருக்கிறது, எத்தனை கறுப்பு வளையம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

சார், நீங்கள் சொன்னபடியே. போன நிகழ்ச்சியின் பதிவை மோனோவாக்கினேன். நான் பேசும் இடமெல்லாம் ஏறக்குறைய ஒரு கோடாகிவிட்டது. பாட்டு வந்ததும் அலை பழையபடி நிறைகிறது. பார்த்துவிட்டுக் குழுவில் எல்லாரும் வாயடைத்துப் போனோம். இத்தனை காலமும் இதைத்தான் அனுப்பியிருக்கிறோம்.

கேபிள்: அறை மாற்றும்போது பெட்டியில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். ஒரு முனை பெரிய 6.35 மில்லிமீட்டர் ப்ளக், அதில் இரண்டு கறுப்பு வளையம். மறுமுனை சின்ன 3.5 மில்லிமீட்டர் ப்ளக், அதிலும் இரண்டு வளையம். மிக்ஸரில் மெயின் அவுட் இடது துளையில் பெரியதும், சவுண்ட் கார்டின் லைன் இன் துளையில் சின்னதும் செருகியிருக்கிறது.

சிற்றலைப்பிரியன்

அதேதான். இரண்டு முனையிலும் நுனி, நடு வளையம், அடிப்பகுதி என்று மூன்று தொடர்பு இருக்கிறது. ஆனால் இரண்டு கருவிகளும் அவற்றுக்கு வேறு வேறு பொருள் வைத்திருக்கின்றன.

மிக்ஸரின் மெயின் அவுட் பேலன்ஸ்டு வகை. அது ஒரே ஒரு சேனலை இரண்டு கம்பியில் அனுப்புகிறது: நுனியில் நேராக, வளையத்தில் தலைகீழாக. நீளமான கேபிளில் வழியில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் அழிந்து ஒலி இரட்டிப்பாகும். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் சவுண்ட் கார்டின் 3.5 மில்லிமீட்டர் துளை ஸ்டீரியோ. அதற்கு நுனி என்றால் இடது, வளையம் என்றால் வலது. நேராக வந்த குரலை இடது என்றும் தலைகீழாக வந்த அதே குரலை வலது என்றும் அது எடுத்துக்கொண்டது. செருகினால் ஒலி வருகிறது, மீட்டர் ஆடுகிறது, ஹெட்போனில் கேட்கிறது. யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஒலிபரப்பு மென்பொருளில் அந்த உள்ளீட்டை மோனோ என்று வைத்து, இடது சேனலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கும்படி வைத்துவிடாதீர்கள், குரல் மொத்தமாகப் போய்விடும்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியது: மிக்ஸரில் டேப் அவுட் அல்லது ரெக் அவுட் என்று சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் இருந்தால் அங்கிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு ஒரு சாதாரண கேபிள் போடுங்கள். அது பேலன்ஸ்டு இல்லை, இந்தத் தொல்லை வராது. டவுன் ஹால் ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

இதில் உங்கள் கரகரப்புக்கும் ஒரு விடை இருக்கலாம். மெயின் அவுட் தொழில்முறை அளவில் வருவது, வழக்கமாகச் சுமார் 1.23 வோல்ட். வீட்டு உபயோகத்துக்கான லைன் இன் எதிர்பார்ப்பது சுமார் 0.32 வோல்ட். ஏறத்தாழ 12 டெசிபல் அதிகம். கொஞ்சம் உரக்கப் பேசினாலும் சவுண்ட் கார்டு தாங்காமல் அலையின் தலையை வெட்டிவிடும். சிரிக்கும் இடங்களில், "ப" "ட" அழுந்தும் இடங்களில் கரகரப்பு வருகிறதா என்று பதிவில் கேளுங்கள்.

கோவை_சர்வர்

அருமை சார். 32 லிங்க்கில் இயர்போனிலும் ஏன் குரல் இல்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

ஏஏசி பிளஸ் என்று நாம் சொல்வது எச்இ-ஏஏசி. 32 கேபிபிஎஸ் போன்ற குறைந்த அளவில் பெரும்பாலும் அதன் இரண்டாம் பதிப்பைத்தான் வைப்பார்கள். அது இரண்டு சேனலை அனுப்புவதே இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே மோனோவாக்கி, கூடவே எது இடப்பக்கம் எது வலப்பக்கம் என்று ஒரு சின்னக் குறிப்பை மட்டும் அனுப்பும். கேட்பவர் கருவி அதை வைத்து ஸ்டீரியோவை உண்டாக்கிக்கொள்ளும். அண்ணன் குரல் அந்த மோனோவாக்கும் இடத்திலேயே அழிந்துவிட்டது. கலையகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. இயர்போன் என்ன செய்யும்?

அதனால் 32 லிங்க்கை ஸ்டீரியோவாக வைத்திருப்பதில் அர்த்தமில்லை. பேச்சு மோனோ, ஐம்பது அறுபதுகளின் திரைப்பாடல்களும் மோனோதான். அந்த லிங்க்கை எச்இ-ஏஏசி முதல் பதிப்பு, மோனோ, 32 என்று மாற்றுங்கள். குறிப்புக்குச் செலவாகும் பிட்டும் மிச்சமாகி, எல்லாம் ஒரே சேனலுக்குப் போகும். மணிக்கு 14.4 எம்பிதான், டேட்டா ஏறாது.

மிருதங்கப்பித்தன்

மாற்றுக் கருத்து ஒன்று. 32 லிங்க்கை மூடிவிடலாம் என்பது என் எண்ணம். குரல் திரும்பி வந்துவிடும், சரி. பாட்டு? எச்இ-ஏஏசியில் மேல் பாதி அதிர்வெண்களை அனுப்புவதே இல்லை. கீழ்ப்பாதியை வைத்து மேல்பாதியை ஊகித்துக் கட்டுகிறது. பேச்சுக்குப் போதும். தாளக்கருவிக்குப் போதாது. மிருதங்கத்தின் சாப்பு விழும்போது அந்த அடிக்குப் பின்னால் வரும் ரீங்காரம்தான் உயிர். அது தகரச் சத்தமாகிவிடுகிறது. ஜால்ரா ஒலி கலைந்து நீரில் அலசுவது போல் சுழல்கிறது.

128 எம்பி3யிலும் கூர்மையான அடி மழுங்கத்தான் செய்யும். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. துண்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால், சுருக்கும்போது உண்டாகும் பிசிறு அடிக்கு முன்னாலேயே பரவிவிடும். கஞ்சிராவிலும் கடத்திலும் கேட்டுப் பாருங்கள், அடி விழுவதற்கு ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு முன்னால் ஒரு "ஸ்ஸ்" வரும். இன்றைக்கு ஓபஸ் என்ற சுருக்கும் முறை இருக்கிறது, 2012லிருந்து இணையத் தரமாக இருக்கிறது, ஐஸ்காஸ்ட் அதை ஏற்கும். 96இல் ஓபஸ் வைத்தாலே 128 எம்பி3யை விட என் காதுக்குத் தெளிவாக இருக்கிறது.

கத்தார்வாசி

மிருதங்கப்பித்தன், உங்கள் காதை மதிக்கிறேன். ஆனால் 32 லிங்க்கை மூடச் சொல்லாதீர்கள்.

இங்கே கேம்ப்பில் இருப்பவர்கள் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். டேட்டா பேக் போடுவது முதலில் வீட்டோடு வீடியோவில் பேசுவதற்கு. மிச்சமிருப்பதில்தான் வானொலி. மணிக்கு 14 எம்பி என்றால் யோசிக்காமல் போட்டுவிடுவோம். 58 என்றால் மாதக் கடைசியில் போடமாட்டோம். ஜால்ரா சுழன்றாலும் பரவாயில்லை, பாட்டு வேண்டும், ஊர்க்குரல் வேண்டும். ஒலித்தரம் என்று பேசும்போது, கேட்கவே முடியாதவனுக்கு என்ன தரம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மிருதங்கப்பித்தன்

ஒத்துக்கொள்கிறேன் நண்பரே. மூட வேண்டாம், மோனோவாக்கி வைக்கட்டும். ஓபஸை மூன்றாவது லிங்க்காக யோசிக்கலாம். எம்பி3யை எடுத்துவிட முடியாது, பழைய கருவிகள் பலவற்றுக்கும் அதுதான் புரியும்.

ஆனால் வைகைக்கரைக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுக் கோப்புகள் எங்கிருந்து வந்தவை? வீடியோ தளத்திலிருந்து இறக்கி, எம்பி3யாக்கி, யாரோ வாட்ஸப்பில் அனுப்பி, மறுபடி மாற்றி வைத்ததாக இருந்தால், உங்கள் என்கோடருக்கு வரும்போதே அது பலமுறை நசுங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் சுருக்கும்போது சில விவரங்கள் போகும், அடுத்த முறை அந்தப் பிசிறையும் சேர்த்தே சுருக்கும். சிடியிலிருந்தோ ஒலிநாடாவிலிருந்தோ நேரே எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் ஃப்ளாக் வடிவில் வைத்துக்கொண்டால், ஒலிபரப்பில் ஒரே ஒரு தடவைதான் நசுங்கும். 128இலேயே வித்தியாசம் தெரியும்.

பனங்காய்

விருந்தினர் பேசும் பகுதியையும் யாராவது பாருங்களேன். போன மாதம் ஒரு வில்லிசைக் கலைஞரை அழைத்திருந்தீர்கள். பேசும்போது நன்றாகக் கேட்டது, பாடத் தொடங்கியதும் குரல் விட்டு விட்டு வந்தது, உடுக்கைச் சத்தம் வரவே இல்லை. அவ்வளவு அழகான பாட்டு, வீணாய்ப் போயிற்று.

கோவை_சர்வர்

அக்கா, அது அழைப்புச் செயலியின் இரைச்சல் நீக்கி செய்யும் வேலை. அந்தச் செயலிகள் மனிதப் பேச்சு தவிர மற்றதை எல்லாம் இரைச்சலென்று நினைத்து அமுக்கும். நீட்டிப் பாடும் சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்றும் உடுக்கையைக் கதவு தட்டும் சத்தம் என்றும் எடுத்துக்கொள்ளும். ஜூம் போன்றவற்றில் இசைக்கலைஞர்களுக்கென்று அசல் ஒலியை அனுப்பும் அமைப்பு இருக்கிறது, அதை விருந்தினர் பக்கத்தில் போட வேண்டும். அதை விட நல்லது, பாட்டை அவர் போனிலேயே ரெக்கார்டரில் பதிவு செய்து முன்கூட்டியே கோப்பாக அனுப்பிவிடுவது. வாட்ஸப்பில் குரல்செய்தியாக இல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் மறுபடி சுருக்காது. பேட்டியை நேரலையில் வைத்துக்கொண்டு, பாட்டுக்கு அந்தக் கோப்பைப் போடலாம்.

ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாமென்று விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள். அதன் மைக்கைத் திறந்த உடனே பெரும்பாலான ஹெட்செட்டுகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

நின்று போவது பற்றி ஒரு வழிகாட்டி. ஐஸ்காஸ்ட் ஒலி டிசிபி என்ற இணைய அனுப்பு முறையில் போகிறது. வழியில் தொலையும் பொட்டலத்தை டிசிபி மறுபடி கேட்டு வாங்கிவிடும். ஆகவே இணையம் மோசமானால் ஒலி தாமதமாகும், நிற்கும், தாவும், ஆனால் கரகரக்காது. கரகரப்பு கேட்டால் அது கலையகத்திலிருந்தே வருகிறது: சவுண்ட் கார்டில் அளவு மீறியிருக்கும், அல்லது லேப்டாப் திணறிக்கொண்டிருக்கும். நிற்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடந்தால் உங்கள் அப்லோடு பக்கம் பாருங்கள். லேப்டாப்பை வைஃபையில் விடாதீர்கள், லேன் கேபிள் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் நின்றால் அவர் பக்கம். ஆண்ட்ராய்டு போனில் திரை அணைந்ததும் நின்றால், பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியை நிறுத்துகிறது என்று பொருள். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

கத்தார் அண்ணே, உங்கள் கம்பெனி வைஃபையில் திறக்காதது ஐஸ்காஸ்ட் வழக்கமாக உட்காரும் 8000 போர்ட்டால் (இணைப்பு வாசல் எண்) இருக்கலாம். அலுவலக வலையமைப்புகள் பலவற்றில் வழக்கமான இணையதளப் போர்ட்டுகளை மட்டுமே திறந்து வைப்பார்கள். சர்வரில் அப்படி வழக்கமாகத் திறந்திருக்கும் 443 வழியாக எச்டிடிபிஎஸ்ஸில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீரும்.

வைகைக்கரை

நேற்று நிகழ்ச்சி முடிந்தது. சனிக்கிழமையே டேப் அவுட்டிலிருந்து புது கேபிள் போட்டோம், மிக்ஸரில் அளவைக் குறைத்தோம், 32 லிங்க்கை மோனோவாக்கினோம், லேன் கேபிள் இழுத்தோம். நிகழ்ச்சி முழுக்க ஒருவர் வெளியே உட்கார்ந்து ஒற்றை ஸ்பீக்கர் போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இனி ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு அதுதான் வேலை என்று முடிவு செய்திருக்கிறோம்.

குரல் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. கடிதம் எழுதும் அம்மாவின் பேரன், பாட்டிக்கு எல்லாம் கேட்டதென்று செய்தி அனுப்பினார். கரகரப்பும் முக்கால்வாசி போய்விட்டது. சிற்றலைப்பிரியன் சார், உங்களுக்கு எங்கள் குழு முழுவதும் கடன்பட்டிருக்கிறோம்.

இரண்டு விஷயம் மிச்சம். பாட்டுக்கும் பேச்சுக்கும் சத்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. அப்புறம், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய சில பாடல்கள் போன் ஸ்பீக்கரில் மங்கலாக, மேல்சுரம் இல்லாமல் கேட்கின்றன. ஹெட்போனில் பரவாயில்லை. இதுவும் தலைகீழ்ச் சேனல்தானா?

பனங்காய்

அம்மா நேற்று முழுதும் கேட்டார். கடைசியில் நீங்கள் "வணக்கம்" சொன்னதும் இங்கிருந்து பதில் வணக்கம் சொன்னார். நன்றி அண்ணா.

சிற்றலைப்பிரியன்

மகிழ்ச்சி தம்பி. வெளியே ஒருவரை உட்கார வைத்தது மிக நல்ல முடிவு.

சத்த வேறுபாட்டுக்கு மீட்டரின் உச்சத்தைப் பார்க்காதீர்கள். உச்சம் ஒன்றாக இருந்தாலும் காதுக்குக் கேட்கும் உரப்பு வேறாக இருக்கும். உரப்பை எல்யுஎஃப்எஸ் என்ற அளவில் அளப்பார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வானொலி, தொலைக்காட்சிக்கு −23 என்று வைத்திருக்கிறது. இணைய ஒலிபரப்புக்கு −16க்கும் −20க்கும் நடுவே வைக்கும்படி ஒலிப்பொறியியல் சங்கம் 2015இல் பரிந்துரைத்தது. நீங்கள் −16 அல்லது −18 எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பாடலுக்கும் ஒரே அளவு. உச்சம் −1 டெசிபலைத் தாண்டக்கூடாது, எம்பி3 ஆகும்போது உச்சம் கொஞ்சம் ஏறும் என்பதால் இந்த இடம் தேவை. ஆடாசிட்டியிலேயே உரப்பைச் சமன் செய்யும் வசதி இருக்கிறது, கோப்புகளை மொத்தமாகக் கொடுத்துவிடலாம். குரலுக்கு, சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் மிக்ஸரில் இருந்தால் மிதமாக வையுங்கள்.

நாடாப் பாடல்கள் வேறு கதை. அது தலைகீழ் இல்லை, தாமதம். டேப் டெக்கில் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட், நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மியளவு சாய்ந்திருந்தாலும் ஒரு சேனல் மற்றதை விட மிகச் சிறிது பிந்தி வரும். மோனோவாகக் கூட்டும்போது அந்தத் தாமதம் மேல் அதிர்வெண்களைத்தான் முதலில் அழிக்கும், ஏனென்றால் அங்கே அலை மிகக் குட்டையானது. கீழ்சுரத்துக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. மங்கலாகக் கேட்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வைகைக்கரை

நாடாக்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன சார். மறுபடி மாற்ற வேண்டுமா?

சிற்றலைப்பிரியன்

நாடா நல்ல நிலையில் இருந்து, டெக்கும் ஓடுகிற நிலையில் இருந்தால் மறுபடி மாற்றுவதுதான் சிறந்தது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன திருகு இருக்கும். மோனோவில் கேட்டுக்கொண்டே, காந்தம் ஏறாத திருப்புளியால் அதை மெல்லத் திருப்புங்கள். மேல்சுரம் மிகப் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். நாடாவுக்கு நாடா அந்த இடம் மாறும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு கருவியில் பதிவானது. தொடங்குமுன் ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

அதுவரைக்கும், அந்தப் பாடல்கள் மோனோ காலத்தவை என்றால், ஏற்கெனவே மாற்றிய கோப்பில் எந்தச் சேனல் தெளிவாக இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். கூட்டல் இல்லையென்றால் அழிவதும் இல்லை. ஸ்டீரியோவாகப் பதிவான பாடல்களுக்கு இப்படிச் செய்யாதீர்கள், ஒரு பக்கத்து வாத்தியங்கள் போய்விடும். அவற்றுக்கு நாடாவைத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.